386 பக்க மசோதாவும் மலர்க்கொடியின் தள்ளுவண்டியும்

ஜெயக்குமார் சார் தன் கல்யாணத்தன்று, மாலை மாற்றுவதற்கு முன் இரண்டு மாலைகளையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "ஒண்ணு நாலு அங்குலம் கம்மியா இருக்கே" என்று சொன்னவர். அந்தக் குட்டை மாலையைத்தான் அவர் கழுத்தில் போட்டார்கள். முப்பத்தாறு வருடம் கழித்தும் அவர் மனைவி சகுந்தலா அம்மா கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தப் படத்தில் விரலை வைத்து, "மாப்பிள்ளை மூஞ்சியைப் பாரும்மா. பொண்ணைப் பார்த்து வந்த கவலை இல்ல, மாலையைப் பார்த்து வந்தது" என்பார்.

வையம்பட்டியில் சோளமும் கடலையும் போட்ட குடும்பம். ஐடிஐ முடித்து, துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, முப்பத்து நான்கு வருடமும் பரிசோதனைப் பிரிவிலேயே இருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் செய்து வைத்ததை அளந்து பார்ப்பது அவர் வேலை. சரியாக இருந்தால் பச்சைப் பெயின்டில் ஒரு பொட்டு. திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள். தேறவே தேறாது என்றால் சிவப்பு. ஓய்வு பெற்றபோது நண்பர்கள் சேர்ந்து கொடுத்த சுவர்க் கடிகாரம் நாளைக்கு நாலு விநாடி பின்தங்குகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நண்பர்கள் இன்னும் அவரோடு பேசுகிறார்கள் என்றால் அது அவர்களுடைய பெருந்தன்மை.

தென்னூரில் அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த பெண்ணுக்கு வீடு தர மற்றவர்கள் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். இவர் ஒன்றும் கேட்கவில்லை. என் மூட்டைகளை மட்டும் எடை போட்டுப் பார்த்து, "மாடி தாங்கும், வாங்க" என்றார்.

மாசி மாதம் அந்த மசோதா வந்தது. அதன் பெயரே ஒன்றரை வரி: தெருக்கள், கடைகள், கட்டடங்கள், வளர்ப்புப் பிராணிகள், மரங்கள் மற்றும் இதர பொருட்கள் (ஒருங்கிணைப்பும் எளிமையாக்கமும்) மசோதா. எளிமையாக்குவதற்கு முந்நூற்று எண்பத்தாறு பக்கம் தேவைப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு பாலமுரளி, ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர், தெருவின் வாட்ஸ்அப் குழுவில் காலையும் மாலையும் செய்தி போட்டார். பால்கனி இருந்தால் இடிப்பார்களாம். நாய் வளர்த்தால் பரீட்சை எழுத வேண்டுமாம். பரீட்சை எழுதப்போவது நாயா, வளர்ப்பவரா என்று யாரோ கேட்டதற்கு அவர் பதில் போடவில்லை.

ஜெயக்குமார் சாருக்கு வதந்தி பிடிக்காது. முகமது இஸ்மாயில் பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போய் மசோதாவை முழுவதும் அச்சடிக்கச் சொன்னார். நான் அங்கே வேறு வேலையாக நின்றிருந்தேன்.

"முழுசாவா சார்?" என்றார் பாய்.

"பாதியைப் படிச்சு எப்படி பாய் சர்டிஃபிகேட் கொடுக்கிறது?"

"உங்ககிட்ட யாரு சார் சர்டிஃபிகேட் கேட்டா?"

"கேக்கறப்ப தயாரா இருக்கணும்ல?"

தொழிற்சாலையில் ஒரு வரைபடம் கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வலது பக்கக் கீழ் மூலையைத்தானாம். எத்தனையாவது திருத்தம், என்ன தேதி, யார் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். கட்டாக வந்தால் பழைய தாள் மேலே, புதிய தாள் அடியில். முப்பத்து நான்கு வருடம் அப்படியே பழகிய கை, மசோதாவையும் குப்புறப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கியது. முந்நூற்று எண்பத்தாறு, முந்நூற்று எண்பத்தைந்து என்று இறங்கிக்கொண்டே வந்தார். நானும் இரண்டு மூன்று தடவை பார்த்தேன். எவ்வளவு கவனமாகப் படிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒன்பது நாளில் முந்நூற்றுப் பதினோராம் பக்கம் வரை வந்துவிட்டார். பத்தாம் நாள் காலை மூன்று பெயின்ட் டப்பாக்களோடு தெருவில் இறங்கினார்.

துணிக்கொடி ஏழடி உயரத்துக்குக் குறையக் கூடாது. தெருவில் இருந்த எல்லாக் கொடிக்கும் மஞ்சள். வாசற்படி முழங்கால் உயரம் வரை வெள்ளை அடித்திருக்க வேண்டும். பாலமுரளி வீட்டுப் படிக்கு மஞ்சள். வளர்ப்பு நாய்க்குக் கழுத்தில் மரத்தாலான அடையாள வில்லை தொங்க வேண்டும். பாலமுரளியின் நாய் சிங்காரிக்கு நெற்றியில் ஒரு மஞ்சள் பொட்டு. அது அன்று முழுவதும் சமயபுரம் போய் வந்த மாதிரி பக்தியோடு திரிந்தது.

தெருவோரத் தென்னைக்கு அடியில் வலை கட்டியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொன்னது. தெருவில் ஒரே தென்னை அவருடையதுதான். நேர்மையாகத் தன் மரத்துக்கே சிவப்புப் பொட்டு வைத்தார்.

"வெட்டப் போறது மரத்தையா, உங்களையா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் சகுந்தலா அம்மா.

"சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணு, சகுந்தலா."

"மரம்கூடவா?"

சாயங்காலம் முனைக்குப் போனார். முனையில் மலர்க்கொடி அக்காவின் பஜ்ஜி வண்டி. பதினோரு வருடமாக அதே இடம். மாலை மூன்றரைக்கு அடுப்புப் பற்ற வைத்தால் வெங்காய பஜ்ஜி வாசனை எங்கள் மாடிக்கு வர ஐந்து நிமிடம் ஆகும். அக்காவின் குரல் அதற்கு முன்பே வந்துவிடும். "சட்னி கேக்கறவரே, ரெண்டு கையையும் நீட்டாதீங்க, ஒண்ணு எனக்கு வழி விடறதுக்கு!" என்கிற மாதிரி. திட்டு வாங்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சார் முந்நூற்று நாற்பதாம் பக்கத்தை விரித்துக்கொண்டு, டேப்பை இழுத்துப் பிடித்தார். தள்ளுவண்டி, அதில் தொங்குவன எல்லாம் சேர்த்து, நான்கடி அகலத்துக்கு மேல் போகக் கூடாது. பலகை மட்டும் மூன்றரை அடிக்குக் குறையக் கூடாது. சிவப்பு அடித்த பத்து லிட்டர் மணல் வாளி பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தொங்க வேண்டும். விற்பவர் பெயர் மூன்று அங்குல எழுத்தில் இருக்க வேண்டும். தலையில் வெள்ளைத் தொப்பி. கடை மூடும்போது மூன்று முறை மணி அடிக்க வேண்டும். இப்படிப் பன்னிரண்டு.

"பன்னிரண்டுல ஒன்பது தேறல" என்று வண்டியின் முன்பலகையில் சிவப்புப் பொட்டு வைத்தார்.

"சார், அழிங்க அதை. பூச்சி மருந்து அடிச்ச வண்டின்னு நினைச்சு ஒருத்தரும் வர மாட்டாங்க."

"மசோதா சட்டமாச்சுன்னா இந்த வண்டி இங்க நிக்காதும்மா. நான் சொல்லல. அளவு சொல்லுது."

அக்காவின் முகம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிற ரங்கநாயகி மாமி ஒரு மாதமாக அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தளிகைக்கு உதவியாக நிரந்தர வேலை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நல்ல இடம், நல்ல மனுஷி. ஆனால் அங்கே வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, சத்தம் போட்டுப் பேசவும் கூடாது.

"வெங்காயம் உரிக்காம நான் எப்படிங்க அழுவேன்?" என்று என்னிடம் கேட்டார் அக்கா. "இந்த முனையில நான்தான் ராணி. அங்க போனா, அடுப்புகிட்ட நின்னு மனசுக்குள்ளயே திட்டிக்கிட்டு இருக்கணும். எனக்கு வியாதி வந்துடும்."

அன்று ராத்திரி முழுவதும் யோசித்துவிட்டு, மறுநாள் புதன்கிழமை காலை சாரிடம் வந்து நின்றார். "சார், சட்டம் வந்தப்புறம்தானே எல்லாரும் க்யூவுல நிப்பாங்க. நான் இப்பவே போய் இந்தப் பன்னிரண்டுக்கும் என்ன சர்டிஃபிகேட்னு கேட்டு வாங்கிட்டா?"

சாரின் கண்கள் கலங்கிவிட்டன. முப்பத்து நான்கு வருடத்தில், தானே முன்வந்து பரிசோதனையைக் கேட்ட முதல் ஆள் மலர்க்கொடி. அவரே உட்கார்ந்து மனு எழுதினார். முந்நூற்று நாற்பதாம் பக்கத்தின் நகலை இணைத்தார். துணைக்கு என்னை அனுப்பினார்.

மாநகராட்சி அலுவலகத்தில் கலையரசன் என்று ஓர் அதிகாரி. மேசையில் டிபன் பாக்ஸும் மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்கக் கல் வைத்த காகிதங்களும். மனுவை வாங்கி முத்திரை குத்தச் சொல்லிவிட்டு, இணைப்பைப் படித்தார். மறுபடி படித்தார். எழுந்துபோய் இரும்பு பீரோவுக்குள் தலையை விட்டு, பழுப்பேறிய ஒரு புத்தகத்தோடு வெளியே வந்தார்.

"அம்மா, இது புது விதின்னு யாரு சொன்னா?"

"எங்க தெருவுல ஒரு சார், மசோதாவைப் படிச்சுச் சொன்னாரு."

"இது நாப்பத்தொரு வருஷமா இருக்கிற விதிங்க. இங்க பாருங்க, வார்த்தைக்கு வார்த்தை அப்படியே."

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் கலையரசன், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. "இதைப் பத்தி ஒருத்தர்கூட வந்து கேட்டதில்ல."

"நாங்களும் கேக்கல சார். போயிட்டு வரோம்."

"இருங்க, இருங்க. எழுத்துல கொடுத்துட்டீங்களே. நம்பர் போட்டாச்சு. நம்பர் போட்டா நான் வந்து பார்த்தே ஆகணும். எத்தனை வருஷமா கடை போடுறீங்க?"

அக்கா வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினார். "பதினொண்ணு."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன். பன்னிரண்டும் சரியா இருந்தா சான்று. இல்லேன்னா வண்டியை முனையிலேருந்து எடுத்துடணும். நான் என்னம்மா பண்றது, நீங்களாத்தானே வந்தீங்க?"

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். சார் வீட்டு வாசலில் இறங்கியதும் அவிழ்த்துவிட்டார். அந்தச் சத்தத்தில் சிங்காரி பாலமுரளியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

சகுந்தலா அம்மா மசோதாவைக் கையில் எடுத்து, முந்நூற்றுப் பதினொன்றிலிருந்து இன்னும் பத்துப் பக்கம் முன்னால் தள்ளினார். முந்நூற்று ஒன்றில் நின்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கப் படித்தார்.

"இணைப்பு. இம்மசோதாவினால் நீக்கப்படும் தற்போதைய சட்டப் பிரிவுகள், பார்வைக்காக."

ஜெயக்குமார் சார் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க" என்றார் அம்மா, "புதுச் சட்டம் வந்தா தெருவே தேறாதுன்னீங்க. இது பழைய சட்டம். அப்ப நாம முப்பத்தாறு வருஷமா தேறாமத்தான் குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கோமா?"

"அளவெல்லாம் சரியாத்தான் எடுத்தேன்" என்றார் சார் பரிதாபமாக.

நான் மசோதாவை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். இதை முதல் நாளே செய்திருக்கலாம்தான். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் தள்ளுவண்டிகள் இருந்தன. பெயரும் போன் நம்பரும் பதிந்தால் போதும், நடப்பவர்களுக்கு வழி மறிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

"வாளி?" என்றார் அக்கா.

"வாளி இல்லைக்கா."

"தொப்பி?"

"தொப்பியும் இல்ல. மணியும் இல்ல."

"அப்ப மசோதா எனக்கு நல்லதுதானே பண்ணுது?"

"நல்லதுதான்."

"எப்ப சட்டமாகும்?"

"விவாதம் நடக்கணும், ஓட்டெடுப்பு நடக்கணும், கையெழுத்தாகணும்..."

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள ஆகுமா?"

நல்லது செய்யப்போகிற சட்டம் எங்கோ வரிசையில் நின்றுகொண்டிருந்தது. நாற்பத்தொரு வருடம் தூங்கிய சட்டத்தை நாங்களே தட்டி எழுப்பி, முகவரியும் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.

சார் எழுந்தார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துக்கொண்டு முனைக்குப் போய், சிவப்புப் பொட்டைத் தன் கையாலேயே துடைத்தார். "என் தப்பும்மா" என்றார்.

"என்னது? என்னது?" என்று பின்னாலேயே ஓடி வந்தார் சகுந்தலா அம்மா. "முப்பத்தாறு வருஷத்துல இதை நான் கேட்டதில்ல. இன்னொரு தடவை சொல்லுங்க, இந்தப் பொண்ணு போன்ல பிடிச்சுக்கட்டும்."

அதன் பிறகு இரண்டு நாள் எங்கள் தெருவில் வேறு வேலை நடக்கவில்லை. சார் வண்டியின் பலகையை இழைத்தார், சக்கரத்தை நேராக்கினார். இஸ்மாயில் பாய் மூன்று அங்குல எழுத்தில் பெயர் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்தார். "இன்ஷா அல்லாஹ், எண்ணெய் தெறிச்சாலும் அழியாது" என்றார். மணிக்கு பாலமுரளி பொறுப்பேற்றார். அவர் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த தண்டவாளத் துண்டைத் தூக்கிவந்து வண்டியின் பின்கட்டையில் கட்டினார். ஒரு தடவை அடித்துப் பார்த்தோம். நாலு வீட்டில் ஸ்கூல் விட்டுவிட்டது என்று கதவைத் திறந்தார்கள். தொப்பியை நான் தைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அக்கா கண்ணாடி பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணப் போற டாக்டர் மாதிரி இருக்கேன்" என்றார். சகுந்தலா அம்மா இரண்டு வாளிகளுக்குச் சிவப்பு அடித்தார். சார் அளந்து பார்த்துப் பச்சைப் பொட்டு வைக்க வந்தபோது பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கலையரசன் வந்தார். கையில் ஒரு சீட்டு இருந்தது, டேப் இல்லை. இப்படி ஒரு பரிசோதனையை அவர் செய்ததே இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே அது தெரிந்தது. ஜெயக்குமார் சார் தன் டேப்பைக் கொடுத்தார், எங்கே பிடிக்க வேண்டும் என்றும் காட்டினார். பெயர்ப்பலகை சரி. தொப்பி சரி. மணியை அடிக்கச் சொல்லிவிட்டு, "போதும், போதும்" என்று காதைப் பொத்திக்கொண்டார். பதினோரு விதிக்கு டிக் விழுந்தது. கடைசியாகப் பலகைமீது டேப்பை வைத்தார்.

"அகலம் மூணடி பத்தங்குலம். நாலடிக்குள்ளதான் இருக்கு. அப்ப எல்லாம் சரிங்க" என்று பேனாவைத் திறந்தார்.

மலர்க்கொடி அக்கா பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் ஜெயக்குமார் சாரின் குரல் கேட்டது.

"இருங்க சார். தொங்குவன எல்லாம் சேர்த்துன்னு இருக்கு. வாளியோட சேர்த்து அளக்கணும்."

"சார்!" என்றார் அக்கா.

"என்னங்க, உள்ள வாங்க, காபி ஆறுது" என்றார் சகுந்தலா அம்மா. அடுப்பில் காபியே இல்லை.

"இல்ல சகுந்தலா. தப்பா அளந்து நான் ஒரு பச்சைப் பொட்டுகூட வச்சதில்ல."

வாளியோடு சேர்த்து ஐந்தடி ஆறங்குலம் வந்தது. கலையரசன் பேனாவை மூடினார். அக்கா தொப்பியைக் கழற்றி, கரண்டியை மாவில் போட்டுவிட்டு நின்றார். பதினோரு வருடத்து முனை, ஒரு டேப்பின் நுனியில் போய்க்கொண்டிருந்தது.

சார் மட்டும் டேப்பை மடக்கவில்லை. முந்நூற்று நாற்பதாம் பக்கத்தைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்தார். போடப் போட அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. புதன்கிழமையிலிருந்து நாங்கள் யாரும் பார்க்காத வெளிச்சம்.

"சார், பலகை மூணரை அடிக்குக் குறையக் கூடாது. மொத்தம் நாலடிக்கு மேல போகக் கூடாது. மிச்சம் அரையடி. ரெண்டு வாளிக்கும் பங்கு போட்டா ஆளுக்கு மூணு அங்குலம். மூணு அங்குல அகல வாளியில பத்து லிட்டர் பிடிக்கணும்னா, வாளி ஏழடி உயரம் இருக்கணும்."

கலையரசன் அந்தக் கணக்கைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ஏழடி உயர வாளி ஒன்றை மனதுக்குள் தொங்கவிட்டுப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப இதை யாராலயும்..."

"நாப்பத்தொரு வருஷத்துல ஒரு வண்டியாலயும் தேறியிருக்க முடியாது. வண்டி ஓகே சார். வரைபடம்தான் ரிஜெக்ட்." சார் பாக்கெட்டிலிருந்து ஒரு குட்டி பிரஷ்ஷை எடுத்து, அந்தப் பக்கத்தின் வலது கீழ் மூலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தார். "எங்க ஃபேக்டரியில வரைபடமே முன்னுக்குப் பின் முரணா இருந்தா, பொருளைத் தூக்கிப் போட மாட்டோம். வரைஞ்சவங்களுக்கு ஒரு சீட்டு எழுதிட்டு, பதில் வர்ற வரைக்கும் பொருளை இருக்கிற இடத்துலயே நிறுத்தி வைப்போம்."

"எங்ககிட்டயும் அது இருக்கு சார்!" கலையரசனின் முகத்தில் மெல்ல நிம்மதி பரவியது. "தெளிவுரை கோருதல்னு பேரு."

"பதில் வர எவ்வளவு நாளாகும் சார்?" என்று அக்கா கேட்டார்.

"போன வருஷம் ஒண்ணு அனுப்பினேன்."

"வந்துச்சா?"

"போயிருக்கு" என்றார் அவர்.

வண்டியின் பலகைமீதே காகிதத்தை வைத்து எழுதினார்: மேலிடத்திலிருந்து தெளிவுரை வரும்வரை வண்டி தற்போதுள்ள இடத்திலேயே இருக்கலாம்.

"நிறுத்தி வச்ச பொருளை அரை அங்குலம்கூட நகர்த்தக் கூடாது சார், அதையும் சேர்த்துக்குங்க" என்று ஜெயக்குமார் சார் ஆரம்பித்தார்.

"ராத்திரி வீட்டுக்குத் தள்ளிட்டுப் போக வேண்டாமா நான்?" என்று அக்கா கத்திய கத்தலில் அந்த வரி எழுதப்படாமலேயே போயிற்று. கையெழுத்தாயிற்று. அவசரமாக ஒரு தட்டு வெங்காய பஜ்ஜி கலையரசன் முன்னால் வந்தது. வேலை நேரத்தில் சாப்பிட மாட்டேன் என்றார். மணி ஐந்தாகும்வரை காத்து நின்று, அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அக்காவின் கை முழுக்க மாவு. அதனால் ரங்கநாயகி மாமிக்கு நான்தான் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் வாய்ப் பக்கம் நீட்டினேன்.

"மாமி, நான் வரலீங்க. மன்னிச்சுக்குங்க. என் வண்டி இங்கயே நிக்கலாம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

"பேஷ். பெருமாள் அனுக்கிரகம், க்ஷேமமா இரு" என்றார் மாமி. "ஆனா எனக்கு ஒரு ஆள் வேணுமேடி. வர்றவாள்லாம் கண் மதிப்புல உப்பைப் போட்டுடறா. அளந்து போடறவாளா யாராவது தெரியுமோ?"

அக்கா திரும்பி ஜெயக்குமார் சாரைப் பார்த்தார். அவர் வாளிகளைக் கழற்றி, உள்ளே இருந்த மணல் சரியாகப் பத்து லிட்டர்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தர் இருக்காரு மாமி. உப்பு மட்டும் இல்ல, எல்லாத்தையும் அளப்பாரு. ஆனா குறை சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"ஆத்துக்காரி அனுப்புவாளோ?"

சகுந்தலா அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"இப்பவே பஸ் ஏத்தி விடவா மாமி, இல்ல காலையில போதுமா?"